தொண்டை அடைத்த தார், நிறம் ஏறாத பழம்: குளிரில் ஜி9 வாழை

கேள்வி: தாளவாடி மலைப்பகுதியில் மே மாதம் ஜி9 (கிராண்ட் நைன்) ரக வாழையின் திசு வளர்ப்புக் கன்று நட்டேன். தை மாதம் குலை தள்ளிய மரங்களில் பாதித் தார் கொண்டையிலேயே சிக்கி நிற்கிறது. பக்கத்து மறுதாம்பு (வெட்டிய மரத்தின் பக்கக்கன்றில் எடுக்கும் அடுத்த பயிர்) வயலில் வெட்டிய தார்கள், பழுத்த பிறகும் மஞ்சள் ஏறாமல் சாம்பல் பூத்தது போல இருப்பதாகச் சொல்லி வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். இது நோயா, சத்துக் குறைவா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டுமே குளிரின் வேலைதான். ஆனாலும் முடிக்கொத்து நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நோயிலும் இலைகள் நுனியில் நெருங்கி, தார் சிக்கும். இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடியிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் இருந்தால் அது முடிக்கொத்து. அந்த மரத்தைக் கிழங்கோடு அழித்துவிட வேண்டும்.

வாழை நன்றாக வளர 27 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். 16க்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். தார்த்தண்டு நீள முடியாமல் போவதால்தான் தார் கொண்டையில் சிக்குகிறது; இதைத்தான் தொண்டை அடைப்பு என்கிறோம். குளிரில் தண்டுக்குள் கருவான தாருக்கு இன்னொரு கெடுதலும் உண்டு: வெயில் திரும்பிய பிறகு வெளியே வந்தாலும் சீப்பு குறைந்து, காய் கோணலாகவே இருக்கும்.

இனி பழத்துக்கு வருவோம். காய் 13 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் இருந்தாலே தோல் கெடத் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், பச்சைக்காயில் வெளியே ஒன்றும் தெரியாது. கத்தியால் தோலை மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். உள்ளே நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் ஓடினால் குளிர் பட்ட காய். காம்பை வெட்டினால் பாலும் வழக்கம்போல வடியாது. அந்தக் காயை எப்படிப் பழுக்க வைத்தாலும் பளிச்சென்ற மஞ்சள் வராது. வெட்டும்போதே சீவிப் பார்த்து, அப்படிப்பட்ட தார்களைத் தனியாகப் பிரித்து விற்றுவிடுங்கள். நல்ல தாரோடு கலந்தால் மொத்தச் சுமைக்கும் விலை போய்விடும்.

சிக்கிய மரங்களுக்கு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். குளிர்ந்த மண்ணில் வேர் அதை எடுக்காது, செலவுதான் மிஞ்சும். கிணற்று நீர் இருந்தால் கடும் பனி நாட்களில் மாலைக்கு மேல் லேசாகப் பாய்ச்சுங்கள், மண்ணின் சூடு சற்றுக் காக்கப்படும். சருகு மட்டைகளை இப்போது அறுக்க வேண்டாம், தண்டைச் சுற்றித் தொங்கட்டும். கடைசிச் சீப்பு விரிந்ததும் தாருக்கு பாலித்தீன் உறை போடுங்கள். குளிர்காலத்தில் 2 சதவீதத் துளை போதும். காய் முற்றக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால் நாள் கணக்கை விட்டுவிட்டு, காயின் விளிம்பு உருண்டதைப் பார்த்து வெட்டுங்கள்.

வெட்டிய பிறகும் கவனம் வேண்டும். காய்கறி வைக்கும் குளிர்கிடங்கில் வாழைத்தாரை வைத்தால் இதே சேதம்தான். 13–14 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது; பழுக்க வைக்கும் அறை 16–18 இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், நடவு மாதத்தை மாற்றுவதுதான் உண்மையான தீர்வு. மே நடவு, குலை தள்ளும் நேரத்தைச் சரியாகக் குளிரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. செப்டம்பரில் நட்டால் கன்றுப் பருவம் குளிரில் கழியும். வளர்ச்சி தாமதமாகும், சரி, ஆனால் தார் கருவாவது பங்குனி வாக்கில் என்பதால் குலை வெளியே வரும்போது குளிர் இருக்காது. கோடை மழைக் காற்றுக்கு முட்டு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.