வாசகர் கேள்வி – பதில்: கரும்பும் கண்ணாடியும் நான்கு பாக்கெட்டும்

கேள்வி: கவின்கலை பயிலும் இறுதியாண்டு மாணவி நான். கியூப வாழ்க்கையைக் கருவாகக் கொண்டு ஓவியமும் அதையொட்டி ஆடை வடிவமைப்பும் செய்ய வேண்டும். எங்கே தேடினாலும் பழைய கார், சுருட்டு, சே குவேரா ஆகிய மூன்றே வந்து நிற்கின்றன. வேறு எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த மூன்றும் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் கியூபா. கியூபர்கள் தங்கள் ஊரைத் தாங்களே எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள்.

முதலில் விஃப்ரெடோ லாம். சீனத் தந்தைக்கும், ஆப்பிரிக்க – ஸ்பானிய வழிவந்த தாய்க்கும் 1902இல் பிறந்தவர். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பிக்காசோவுடன் நெருங்கிப் பழகி, 1941இல் நாடு திரும்பியவர். அவர் 1943இல் முடித்த ‘காடு’ என்னும் ஓவியம் இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ எட்டடிக்கு எட்டடி. தாளில் தீட்டிக் கித்தானில் ஒட்டியது. பெயர்தான் காடு, உற்றுப் பார்த்தால் நெருக்கமாக நிற்பவை கரும்புகள். அவற்றுக்கிடையே முகமூடி போன்ற பிறை முகங்கள், கரும்போடு கரும்பாக நீளும் கால்கள், உடலுக்குப் பொருந்தாமல் பெருத்த பாதங்கள். மேலே வலப்பக்கம் ஒரு கை கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது என்பதையும், அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த நெருக்கத்துக்குப் பொருள் புரியும். கரும்புக்கொல்லைக்குள் நுழைந்து சோகை (கரும்பு இலை) அறுத்த கையோடு வெளியே வந்தவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் புரியும்.

அடுத்தவர் அமெலியா பெலாயெஸ் (1896–1968). ஆடைக்கு இவர்தான் அதிகம் பயன்படுவார் என்பது என் கணிப்பு. ஹவானாவின் பழைய வீடுகளில், சுள்ளென்று அடிக்கும் வெயிலைத் தணிப்பதற்காகக் கதவுக்கு மேல் அரைவட்ட வடிவில் வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே ஓடும் சட்டம்தான் இவர் ஓவியங்களில் தடித்த கறுப்புக் கோடாக வந்து, பழத்தட்டையும் மீனையும் நாற்காலியையும் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பகுத்து வைக்கிறது. இதை டிஜிட்டல் பிரிண்ட்டாக அடித்துத் துணியில் போட்டால் சப்பென்று போய்விடும். தஞ்சாவூரில் தேருக்கும் சப்பரத்துக்கும் தொம்பை (தொங்கவிடும் துணி உருளை) தைக்கிறவர்களிடம் ஒரு வாரம் உட்காருங்கள். வண்ணத் துணியை வெட்டி வைத்து, ஓரத்தை அழுத்தமாகக் கட்டித் தைக்கும் அந்த ஒட்டுவேலை, பெலாயெஸின் கோட்டுக்கு வேண்டிய கனத்தைக் கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கியூபாவில் ‘சாந்தேரியா’ என்னும் ஆப்பிரிக்க வழிபாட்டு மரபின் தெய்வங்களில் யெமயாவுக்கு நீலமும் வெள்ளையும், சாங்கோவுக்குச் சிவப்பும் வெள்ளையும், ஓசுனுக்கு மஞ்சளும் உரியவை. தீட்சை பெற்றவர்கள் ஓராண்டு முழுவதும் வெள்ளை மட்டுமே உடுத்துவார்கள். இவற்றைச் சேர்ப்பதென்றால் பொருள் அறிந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சே குவேரா படம் போட்ட டி-ஷர்ட் அடித்து விற்கலாமா? அந்தப் படம் யாருடையது?
– வாசகர், திருவாரூர்

பதில்: அல்பெர்டோ கோர்டா 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஓர் இரங்கல் கூட்டத்தில் எடுத்தது. அவர் அதற்கு முன்பு ஃபேஷன் புகைப்படக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. படம் பரவுவதை அவர் தடுக்கவில்லை. ஆனால் ஓட்கா விளம்பரத்தில் அது வந்தபோது வழக்குப் போட்டு, கிடைத்த தொகையைக் கியூப மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார். விற்பதென்றால் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வடிவமைப்பு என்று பார்த்தால், அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

கேள்வி: தையற்கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், கியூபச் சட்டை என்று நான்கு பாக்கெட் வைத்த ஒன்றின் படத்தைக் காட்டி, தம்பி திருமணத்துக்கு அதுபோல் கேட்கிறார். எப்படித் தைப்பது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: அதன் பெயர் குவயபேரா. சாங்க்டி ஸ்பிரிட்டஸ் வட்டாரத்தில் தோன்றியது என்பது கியூபர்கள் சொல்லும் கதை. மெக்சிகோக்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். 2010இல் கியூப அரசு அதைத் தன் தூதரக நிகழ்ச்சிகளுக்கான முறையான உடையாக அறிவித்தது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் தாராளமாக அணியலாம்.

முன்பக்கம் இரண்டு வரிசை, முதுகில் மூன்று வரிசை என்று நெடுக்காக மெல்லிய டக் (துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்திருப்பார்கள். பாக்கெட்டுகள் மீதும் டக் உண்டு. அவை சட்டையில் ஓடும் டக்கோடு நூல் பிசகாமல் ஒன்றிப் போக வேண்டும். வேலையின் தரம் அங்கேதான் தெரியும். கீழ் ஓரம் நேராக இருக்கும், இரு பக்கமும் ஸ்லிட் வரும். சட்டையை உள்ளே விடும் வழக்கம் இல்லை.

கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். 2 மி.மீ. ஆழமுள்ள ஒரு டக் 4 மி.மீ. துணியை விழுங்கும், ஒரு வரிசைக்குப் பத்து டக் என்றால் 4 செ.மீ., முன்பக்கம் இரண்டு வரிசைக்கு 8 செ.மீ. போய்விடும். எனவே துணியை நனைத்து உலர்த்தி, வெட்டாமலேயே டக் தைத்து, இஸ்திரி போட்ட பிறகே பேட்டர்ன் வைத்து வெட்டுங்கள். லினன்தான் வேண்டும் என்பதில்லை. நெருக்கமாக நெய்த கைத்தறிப் பருத்தி போதும். பாலியெஸ்டர் கலந்தால் டக் அழுந்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன், மஞ்சப்பை ஆர்டர்தான் அதிகம். கியூபச் சுவரொட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எனக்கு அவற்றில் கற்க ஏதாவது உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறைய உண்டு, ஏனென்றால் அவையும் உங்கள் தொழிலில் பிறந்தவைதாம். 1959இல் தொடங்கப்பட்ட அரசுத் திரைப்பட நிறுவனம் தன் சுவரொட்டிகளைப் பட்டுத்திரை அச்சில், கையாலேயே அடித்தது. பெரும்பாலும் 51க்கு 76 செ.மீ. அளவு. அமெரிக்காவின் வணிகத் தடைக்குப் பிறகு தாளுக்கும் மைக்கும் பஞ்சம். நடிகர் முகத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் முன்யோஸ் பாக்ஸ், அஸ்குய் போன்ற சுவரொட்டி வடிவமைப்பாளர்கள் திரைப்படத்தின் சாரத்தை ஒரே உருவமாகச் சுருக்கினார்கள். கறுப்பு வெள்ளை முகத்தில் உதட்டுக்கு மட்டும் சிவப்பு வைத்த அஸ்குயின் 1970ஆம் ஆண்டுச் சுவரொட்டியைப் பாருங்கள்.

உங்கள் பையில் மஞ்சள் ஏற்கெனவே இருக்கிறது. அதையே ஒரு வண்ணமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மை படாமல் விடும் இடத்தால் உருவத்தை வரையுங்கள். அப்படிச் செய்தால் இரண்டு ஃபிரேமில் மூன்று வண்ணம் கிடைக்கும். கடைப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் பின்பக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.