நீலத் தொப்பி அணிவதற்கு முன்: கேள்வி பதில்

இந்தியத் தரைப்படையிலிருந்து மேஜராக ஓய்வு பெற்றவன் நான். தெற்கு சூடானில், நீலத் தொப்பி அணியும் ஐ.நா. அமைதிப்படையில் ஓராண்டு இருந்தேன். பிறகு ஆப்பிரிக்க நாடுகளின் ராணுவ அதிகாரிகளுக்கு இந்தப் பணிக்கான பயிற்சி அளித்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

திருச்சி வாசகர்: ஒரு நாட்டு ராணுவத்துக்கு இன்னொரு நாடு ஏன் பயிற்சி தர வேண்டும்? அவர்களுக்குப் போரிடத் தெரியாதா?

தெரியும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. எதிரியைத் தேடு, நெருங்கு, அழி என்று பழகிய கைகள் அவை. அமைதிப்பணியில் எதிரி யார் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. சாலையில் மரத்தைப் போட்டு மறித்து, போதையில் துப்பாக்கியோடு நிற்கிறான் பதினேழு வயதுப் பையன். அவனிடம் பேசிப் பேசியே பின்னால் நிற்கும் உணவு லாரிகளை அந்தப் பக்கம் கொண்டுசேர்க்க வேண்டும். இது தானாக வராது.

2004-ல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கி, 75,000 வீரர்களைத் தயார்செய்ய இலக்கு வைத்தது. இந்தியா 2000-ல் டெல்லியில் ஒரு மையத்தைத் திறந்தது. 2016 முதல் இரு நாடுகளும் சேர்ந்து அங்கே ஆப்பிரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்தன. கானாவின் அக்ராவில் கோஃபி அன்னான் மையம் இருக்கிறது. மங்கோலியா 2003-ல் அமெரிக்காவோடு தொடங்கிய ‘கான் குவெஸ்ட்’ பயிற்சி இன்று பல நாட்டுப் படைகள் கூடும் இடமாகிவிட்டது.

என் வகுப்பில் நான் விடாமல் நடத்திய ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ரோந்து வண்டி ஓர் ஆட்டின் மேல் ஏறிவிடுகிறது. ஆட்டுக்காரக் கிழவி வேடத்தில் ஒருவர் வண்டிமுன் விழுந்து அழுவார். பெரும்பாலான இளம் அதிகாரிகள் உடனே பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டுவார்கள். மறுநாள் அதே சாலையில் பத்து ஆடுகளைக் குறுக்கே விடுவேன். இறங்கி வருத்தம் தெரிவித்து, ஊர்ப் பெரியவரை வரவழைத்து, நடந்ததை எழுதி, இழப்பீட்டுக்கு முறையாக அனுப்பும் அதிகாரி உருவாக மூன்று நாட்களாவது ஆகும்.

மதுரை மாணவி: அமைதிப்படையினர் சுடலாமா?

ஆணையைப் படியுங்கள். தற்காப்புக்கு எப்போதும் சுடலாம். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதை ஐ.நா. பாதுகாப்பு அவை ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி ஆணையாக எழுதித் தருகிறது. பொதுமக்களைக் காப்பது ஆணையில் வெளிப்படையாக இடம்பெற்றது 1999-ல், சியரா லியோனுக்கான 1270-ஆம் தீர்மானத்தில்தான். 1994 ருவாண்டா இனப்படுகொலையில் அத்தனை பேர் மாண்ட பிறகு வந்த வரி அது.

சேலம் வாசகர்: வீரர்களுக்கு டாலரில் சம்பளமாமே?

ஐ.நா. தருவது வீரரின் அரசாங்கத்துக்கு. 2018-ல் தலைக்கு மாதம் 1,428 டாலர். அதில் எவ்வளவு வீரரின் கைக்குப் போகிறது என்பது அந்தந்த நாட்டின் முடிவு.

நெல்லை வாசகர்: பயிற்சியில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாடம் எது?

கழிவறை. 2010 அக்டோபரில் ஹைட்டியில் காலரா பரவியது. மிர்பாலே அருகே அமைதிப்படை முகாமின் கழிவு ஓடையில் கலந்து, ஆர்ட்டிபோனிட் ஆற்றுக்குப் போனது. அந்தத் தண்ணீரைத்தான் ஊர்கள் குடித்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. துப்பாக்கிப் பயிற்சிக்கு இரண்டு வாரம் ஒதுக்கிவிட்டு முகாம் சுகாதாரத்துக்கு ஒரு மணி நேரம் தரும் பாடத்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.

வேலூர் வாசகர்: தாக்கினால் திருப்பிச் சுடலாமா?

மதுரை மாணவிக்குச் சொன்னதுதான். ஆணையைப் படியுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: அமைதி காக்க வந்த படையை நாங்கள் நேரில் கண்டவர்கள். அதைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

கேட்டது நியாயம். 1987-ல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படை ஐ.நா. படையல்ல. ஜூலை 29 அன்று இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி போன படை. பெயரில் அமைதி இருந்தது. அதற்கான தயாரிப்பு இல்லை. மொழி தெரிந்தவர்கள் குறைவு. யாரிடமிருந்து யாரைக் காப்பது என்பது கடைசி வீரன் வரை போய்ச் சேரவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் அக்டோபரில் அதே படையை விடுதலைப் புலிகளுக்கு எதிரான போருக்கு அனுப்பினார்கள். தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். நான் அணிந்த சீருடையின் வரலாறு இது. இதை மறைத்துவிட்டு வெளிநாட்டு அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் நாளே சொல்லிவிடுவேன்.

சென்னை வாசகர், முன்னாள் ராணுவத்தினர்: அங்கே உயிர்விட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்களை அவமதிக்கிறீர்கள்.

இல்லை ஐயா. அவர்களில் என் பட்டாலியனின் மூத்தவர்களும் உண்டு. ஒரு வேலைக்கென்று அனுப்பி, வழியில் வேலையை மாற்றி, மாறியதைச் சரியாகச் சொல்லாமல் விட்டவர்கள்தான் அவர்களை அவமதித்தார்கள்.

யாழ்ப்பாண வாசகர்: உங்கள் வீரர்கள் பாவம் என்றால், செத்த எங்கள் ஆட்கள்?

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை அண்ணா. துப்பாக்கி வைத்திருந்தவனுக்குப் பயிற்சி போதவில்லை என்பது விளக்கம்தான். அதைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது. உங்கள் வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை; நீங்கள் சொல்ல விரும்பினால் கேட்பேன்.

ஓசூர் வாசகர்: ஐ.நா. வீரர் முதலில் சுட முடியுமா?

மூன்றாவது முறை கேட்கப்படுகிறது. மேலே பதில் இருக்கிறது.

கோவை வாசகர்: பயிற்சி பலித்ததா என்பதை எப்படி அறிவது?

சான்றிதழை நம்பாதீர்கள். பயிற்சி பெற்ற பட்டாலியனைக் கலைத்து, வேறு ஆட்களை விமானம் ஏற்றிய அரசுகள் உண்டு. போகப்போகும் அதே ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும். அவர்களில் சிலரைப் பயிற்சியாளர்களாகவும் ஆக்க வேண்டும். நான் செய்த சோதனை எளியது. நள்ளிரவில் ஒரு நாயக்கை (சில வீரர்களுக்குத் தலைமை தாங்கும் கீழ்நிலைப் பதவியாளரை) எழுப்பி, “வாசலில் முந்நூறு பேர் குழந்தைகளோடு நிற்கிறார்கள், துரத்தி வருபவர்கள் அரைக் கிலோமீட்டரில் இருக்கிறார்கள், அதிகாரி தொடர்பில் இல்லை, என்ன செய்வாய்?” என்பேன். ஆணையில் என்ன இருக்கிறது என்று அவன் சொல்லத் தொடங்கினால் நிம்மதியாகத் தூங்கப் போவேன். அதிகாரிக்குக் காத்திருப்பேன் என்றால், காலையில் முதல் பாடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பம்.

தஞ்சை வாசகி: பெண்கள் போக முடியுமா?

முடியும். 2007-ல் முழுக்கப் பெண்களே கொண்ட இந்தியக் காவல் பிரிவு லைபீரியாவுக்குப் போனது. விண்ணப்ப விவரங்களை உங்கள் துறைத் தலைமையகத்தில் கேளுங்கள்.