கேள்வி – பதில்: கொழிஞ்சி (வயலில் வளர்த்து, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி)

● ஏக்கருக்கு 8 கிலோ கொழிஞ்சி விதை தெளித்தும், மழைக்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கிறது. விதை கெட்டதா?
(விராலிமலை வாசகர்)

விதையளவு சரிதான். விதையும் கெட்டிருக்காது. கொழிஞ்சியின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்து வரும் வெயிலில் மொத்தமும் கருகிவிடாமல் இருக்க அந்தச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது.

விதையைப் போல இரண்டு மடங்கு சொரசொரப்பான மணலைச் சேர்த்து, கோணியில் போட்டுத் தரையில் அழுத்தித் தேயுங்கள். பளபளப்பு போய்த் தோல் மங்கினால் போதும்; பருப்பு உடையக் கூடாது. வெந்நீர் முறையும் உண்டு. 2 பங்கு கொதிநீரில் 3 பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 55 டிகிரி வரும். அதில் 2, 3 நிமிடம் மட்டும் விதையைப் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விதை வெந்துவிடும். கந்தக அமிலத்தில் நேர்த்தி செய்யும் வழக்கமும் இருக்கிறது. வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

தெளிக்கும் முன் ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் உப்பவில்லையென்றால் மறுபடி தேய்க்க வேண்டும். இப்போது மண்ணில் கிடப்பதைக் கிளற வேண்டாம், அடுத்தடுத்த மழைகளில் வரும்.

● தக்கைப்பூண்டை விட்டுக் கொழிஞ்சிக்கு மாறலாமா?
(மணப்பாறை வாசகர்)

தண்ணீர் இருந்தால் மாறாதீர்கள். தக்கைப்பூண்டும் பசுந்தாள் உரச் செடிதான்; ஏக்கருக்கு 8 முதல் 10 டன் தழை தரும். கோடைத் தரிசில் கொழிஞ்சி ஒன்றரை டன் தந்தாலே நல்லது. முதல் மாதம் வளர்கிறதா என்றே சந்தேகம் வரும். ஆணிவேர் இறங்கிய பிறகுதான் மேலே கிளைக்கும். ஆனால் பாசனமில்லாத மணற்சாரி, சரளை நிலத்தில் தக்கைப்பூண்டு காய்ந்துபோகும்; கொழிஞ்சி நிற்கும். ஆடு மாடும் அதை விரும்பி மேயாது, அதனால் வேலியில்லாத தரிசுக்குத் தோது. நீர் தேங்கும் தாழ்ந்த வயலில் மட்டும் போடாதீர்கள், வேர் அழுகும்.

வேர் முடிச்சு ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அடுத்த முறை ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து விதையுங்கள்.

● மடக்கி உழுவது எப்போது? ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டுமா?
(திருமயம் வாசகர்)

பூக்கத் தொடங்கியதும், சுமார் 60 நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது மடக்குங்கள். காய் பிடித்துவிட்டால் தண்டு விறகாகும், மட்க நாளாகும். ஆனால் வயலின் ஒரு பகுதியை மட்டும் காய்க்க விடுங்கள். அங்கே கொட்டும் விதை அடுத்த கோடை மழையில் தானாக முளைக்கும். சேகரிக்க நினைத்தால் காய் பழுப்பானதும் காலையிலேயே பறித்துவிடுங்கள். வெயில் ஏறினால் காய் முறுக்கி வெடித்து விதை சிதறும்.

● கொழிஞ்சிக்கும் அவுரிக்கும் வித்தியாசம் தெரியவில்லையே?
(செந்துறை வாசகர்)

சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். கொழிஞ்சி இலை நேராகக் கிழியாது, அம்புமுனை வடிவில் பிளக்கும். அதன் காய் தட்டை, அவுரிக் காய் உருண்டு மெலிந்திருக்கும்.