முழங்கால் கேள்விகள்: தாங்கித் தாங்கி நடப்பவர்களுக்கு

கேள்வி: விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்டால், முடிந்ததும் கடலுக்குப் போகலாமா? (மண்டபம்)

பதில்: ஏ.சி.எல். என்பது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிவைக்கும் நார். அறுந்தால் அதன் இடத்தில் வேறு நாரைப் பொருத்துவார்கள். தடைக்காலம் 61 நாள். ஏப்ரல் 15-இல் செய்தால் ஜூன் 15-இல் ஒன்பதாவது வாரம். பொருத்திய நார் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் ஏறக்குறைய அதுதான். அப்போது ஆடுகிற படகில் வலை இழுப்பீர்களா? ஆபரேஷனுக்கு நல்ல காலம், திரும்புவதற்கு அல்ல. 6 மாதத்துக்குக் குறைவாக நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: ஜவ்வு ஆபரேஷன் முடிந்தது. எப்போது சரியாகும்? (தொண்டி)

பதில்: எந்த ஜவ்வு? எந்தத் தேதி? லிகமென்ட் (எலும்புகளைக் கட்டும் நார்), மெனிஸ்கஸ் (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை), குருத்தெலும்பு (எலும்பு முனையின் வழவழப்பான உறை) மூன்றையும் ஜவ்வு என்றே எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: கால்பந்தில் ஏ.சி.எல். அறுந்து, ஆபரேஷன் ஆகி 5 மாதம். வலி இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது. காலைத் தாங்கி நடப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். பாதகமில்லையே? (கீழக்கரை)

பதில்: இருக்கிறது. 'காலுக்குச் சிரமம் கொடுக்காதே' என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகும் உறவினர்களோடு எனக்குத் தீராத சண்டை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பாரம் அழுத்தி விடும்போது மூட்டு நீர் உள்ளே போய் வருவதுதான் அதற்குச் சாப்பாடு. நீங்களோ, கால் ஊன்றியதும் 20 டிகிரி அளவுக்கு மடங்க வேண்டிய முட்டியை விறைப்பாகவே வைத்து, சட்டென்று மறுகாலுக்கு மாறிவிடுகிறீர்கள். முதல் 6 மாதத்தில் இப்படிப் பாரம் குறைத்து நடந்தவர்களிடம், 5 வருடத்தில் தேய்மானம் தென்பட்டதாக ஆய்வு உண்டு. வலி இல்லையாம்! குருத்தெலும்புக்கு நரம்பே இல்லை, எப்படி வலிக்கும்? எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. எலும்புகளின் இடைவெளி குறைந்த பிறகுதான் சேதி வரும். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற அளவீடு முன்பே காட்டும், ஆனால் அது பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு. அதற்காக மதுரைக்கு பஸ் ஏறாதீர்கள். முட்டி முழுதாக நீள்கிறதா என்று பாருங்கள். முன்தொடைத் தசையைத் தேற்றுங்கள். பக்கவாட்டில் வீடியோ எடுத்து, இரண்டு முட்டியும் ஒரே அளவு மடங்குகிறதா என்று பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

கேள்வி: கடற்கரை மணலில் நடக்கலாமா? (பாம்பன்)

பதில்: முதலில் தார் ரோட்டில் நொண்டாமல் நடங்கள். பிறகு ஈரம் இறுகிய சமதள மணல். சரிவு வேண்டாம்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி 3 மாதம். பனை ஏறலாமா? (சாயல்குடி)

பதில்: இந்த வருடப் பதநீரை வேறு யாராவது இறக்கட்டும்.