பழைய டாக்கீஸ் விசிறி கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பாரிஸில் கஃபேக்களும் உணவகங்களும் கொடுத்த விளம்பர விசிறிகளைச் சேகரிப்பதுபோல, நம் ஊர் சினிமா கொட்டகை விசிறிகளையும் சேகரிக்கலாமா, அவற்றின் காலத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேகரிக்கலாம். பாரிஸ் விசிறி மரக் குச்சிகளில் காகிதம் ஒட்டிய மடக்கு விசிறி. ஒரு பக்கம் அழகான படம், மறுபக்கம் கடையின் பெயர். நம்மூரில் எனக்குக் கிடைத்தவை மூங்கில் பிளாச்சில் ஆணி அடித்த அட்டை விசிறிகள். ஆனால் இரண்டிலும் பின்பக்கம்தான் பேசும்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் என் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், இரண்டு விசிறிகள் இருந்தன. இரண்டும் கூடாரம் போட்டுப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸில் கொடுத்தவை. கூடாரத்தில் பகல் காட்சி கிடையாது, இருட்டினால்தான் படம். பங்குனி, சித்திரையில் அந்தப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் உட்கார முடியாது என்பார் அம்மாயி. ஒன்றின் முன்பக்கம் தாமரையில் லட்சுமி, பின்பக்கம் சோடாக் கடை விளம்பரம், அதற்குக் கீழே ‘தரை 3 அணா (19 ந.பை.)’ என்று டிக்கெட் விலை.

அந்த ஒரு வரி போதும். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா, மூன்று அணாவுக்குப் பதினெட்டே முக்கால். அதைத்தான் 19 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு கணக்கையும் சேர்த்து அச்சடித்ததால், ஜனங்கள் புதுக் காசுக்குப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. ‘நயா’ என்ற சொல்லே 1964-ல் போய்விட்டது.

அப்புறம் எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணா, றா எல்லாம் இன்றைய வடிவத்தில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகு வந்தது. பெரியார் 1935-லேயே ஈரோட்டில் நடத்திய தன் குடி அரசு இதழில் இந்த எழுத்துகளைக் கொண்டுவந்துவிட்டார் என்பதால், ஈரோட்டுப் பக்கம் அச்சான விசிறி என்றால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. கொட்டகையின் பெயரும் உதவும். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால்தான் பின்னாளில் டிலைட் ஆனது. எந்தப் பெயர் இருக்கிறது என்பதை வைத்தே முன்னே பின்னே சொல்லிவிடலாம்.

இன்னொரு விசிறியைப் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. அதைச் சட்டம் போடக் கொடுத்தேன். கடையில் பலகைமேல் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். அதன் பின்பக்கத்தில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பென்சிலில் எழுதிய பால் கணக்கு இருந்தது. அவர் கையெழுத்தென்று வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அதனால் லேமினேஷன் வேண்டாம், பசை வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். முதல் வேலையாக இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கினால் அட்டை கிழியும், அப்படியே விடுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் அட்டை பழுப்பேறும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் வையுங்கள். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். மிச்சமிருந்த விசிறியைக் கொடுத்ததும் அம்மாயி, “ஒடிச்சுப் போட்டறாத கண்ணு” என்று சொல்லிவிட்டு இரண்டு முறை வீசினார். பிறகு தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் கூடாரம் எங்கே நின்றது, பெண்கள் பக்கம் எது, அப்புச்சி எந்தக் கம்பத்தில் சாய்ந்து உட்காருவார் என்று வரிசையாகச் சொன்னார். நான் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, விசிறியோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.