ஒவ்வொரு மேடையிலும் நான்தான் பேச வேண்டுமா?

கேள்வி: இலங்கையின் ஹட்டனை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த நான், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவி. எங்கள் பீடத்தில் என்னைப் போன்ற மலையகத் தோட்டத் தமிழர் மிகச் சிலரே என்பதால், சமூக உரிமை குறித்த கருத்தரங்கு எது நடந்தாலும் என்னையே பேச அழைக்கிறார்கள். சில மாதங்களாகத் தூக்கமில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத அழுகை. ஈசீஜி சரியாக இருக்கிறதாம். விலகினால் என் மக்களுக்குத் துரோகமாகிவிடுமா?

பதில்: ஈசீஜி சரியாக இருப்பது ஆறுதலே, அதற்காக உங்கள் படபடப்பு வெறும் கற்பனையாகிவிடாது. ஓயாத மன அழுத்தத்தில் சுரக்கும் அட்ரினலின் நாடித்துடிப்பைக் கூட்டும், கழுத்துத் தசைகளை இறுக்கித் தலைவலியைத் தரும், படுத்த பின்னும் உடலை விழிப்பிலேயே வைத்திருக்கும்.

ஆயினும் எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிட நான் விரும்பவில்லை. குருதிச்சோகையும் தைரொயிட் கோளாறும் இதே படபடப்பைத் தரும் என்பதால், முதலில் இரண்டுக்கும் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் குடிக்கும், பால் சேர்க்காத பிளேன்டீ உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணிநேரமாவது கழித்துக் குடியுங்கள், மாலைக்குப் பின் வேண்டாம். தேயிலை மலையில் பிறந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

துரோகம் என்ற சொல்லுக்கு வருகிறேன். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன வரலாற்றையும், நாடற்றிருந்தவர்களுக்கு அதை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும் படித்த எவரும் விளக்கலாம். அதற்கு நீங்கள்தான் வேண்டுமென்பதில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து அறையில் உங்கள் அம்மா பட்ட பாட்டை, நம்பாமல் குறுக்குக் கேள்வி கேட்பவருக்கு முன்னால் திரும்பத் திரும்ப மெய்ப்பிப்பதுதான் உங்களைக் கரைக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் நாள்தோறும் ஒரே ஆளின் பெயரைக் கூப்பிட்டால் குறை கூப்பிடுபவரிடம்தான் இருக்கிறது. இந்த அரையாண்டில் ஒரேயொரு நிகழ்வை மட்டும், அதுவும் உங்களுக்குப் பிடித்திருந்தால், ஏற்றுக்கொள்ளுங்கள். குடும்பக் கதையைச் சொல்வதில்லை என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். மற்ற அழைப்புகளுக்கு "இப்போது இயலாது" என்ற பதில் போதும். காரணம் கூற வேண்டியதில்லை. ஊர்ப் பிள்ளைகளோடு எந்த விவாதமுமின்றிச் சிரித்துப் பேசும் மாலைகளைக் கைவிடாதீர்கள். அவை மருந்துக்குச் சமம்.

சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுதும் நீடித்தால், உளவளத்துணையாளரையோ உளநல மருத்துவரையோ சந்தியுங்கள். தமிழில் பேசக்கூடியவரைக் கேட்டுப் பெறுங்கள். சொந்தத் துயரத்தையும் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை அங்கேயும் வேண்டாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே, எந்த நேரமாயினும், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.