காசு குடுத்து வாங்கின வியாதியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீங்க எடை குறைக்க பண்ணிக்கிட்ட ஸ்லீவ் ஆபரேஷன் (வயித்துல பெரும்பகுதிய வெட்டி எடுக்கறது) பத்தி எழுதினத படிச்சதுலேருந்து உங்களுக்கு எழுதணும் எழுதணும்னு நெனச்சு இப்பத்தான் எழுதறேங்க. நான் திருப்பூர், நானும் வீட்டுக்காரரும் சின்னதா ஒரு தையல் யூனிட் வச்சிருக்கோம். பேரு மட்டும் போட்றாதீங்க.

2021ல எனக்கும் எடை குறைக்க கேஸ்ட்ரிக் பைபாஸ் (வயித்த சின்னதாக்கி குடல மாத்தி இணைக்கற ஆபரேஷன்) பண்ணாங்க. அப்ப 118 கிலோ, சுகருக்கு இன்சுலின் போட்டுட்டு இருந்தேன், முட்டி வலில மாடிப்படி ஏற முடியாது. இப்ப 70 கிலோ, இன்சுலின் நின்னு போச்சு. முதல் வருஷம் அவ்ளோ நல்லா இருந்தேன், அதனால அவங்க குடுத்த சத்து மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன், செக்கப்புக்கும் போகல.

இப்ப கொஞ்ச நாளாவே காலைல நாலு இட்லி சாப்பிட்டு வண்டி எடுத்துட்டு யூனிட்டுக்கு போனா, ரெண்டு மணி நேரத்துல கை நடுங்குது, வேர்த்து கொட்டுது, கண்ணு இருட்டுது. ஒரு கல்யாணத்துல பாயசம் குடிச்சுட்டு கொஞ்ச நேரத்துல மண்டபத்துலயே சாஞ்சுட்டேன். உள்ளங்கால் மரத்து போச்சு, செருப்பு கழண்டாக்கூட தெரியறதில்ல. முடி கொட்டுதுன்னு மெடிக்கல்ல ஜிங்க் மாத்திரை வாங்கி சாப்பிடறேன், முட்டிக்கு வலி மாத்திரையும் அங்கயேதான் வாங்கறது. கால் மரப்புக்கு பக்கத்து கிளினிக்ல காட்டினேன், ஆனா ஆபரேஷன் பண்ணத சொல்லலீங்க, வெக்கமா இருந்துச்சு. 2024ல சென்னையில ஒரு பையன் இந்த ஆபரேஷன்ல இறந்துட்டான்னு டிவில வந்தப்ப எங்க மாமியார் எல்லார் முன்னாடியும் "இது காசு குடுத்து வாங்கின வியாதி"ன்னு சொன்னாங்க, அதுலேருந்து வீட்ல எதையும் சொல்றதில்ல. சாப்பிட்ட பின்னால அப்பப்ப வயித்த முறுக்கி ஒரு வலி வரும், அரை மணி நேரத்துல தானா போயிரும், அது பெருசில்ல.

நான் பண்ணது தப்பாங்கக்கா? இத பழையபடி மாத்திக்க முடியுமா?

– ஒரு வாசகி, திருப்பூர்

அன்பு தங்கச்சி,

"அது பெருசில்ல"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, எனக்கு பயம் வந்தது அந்த வரியிலதான். முடி, மயக்கம், மாமியார் பேச்சு எல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல அந்த வலி. நான் டாக்டர் இல்ல, இந்த ஆபரேஷன பண்ணிக்கிட்டு அதோட வாழறவ, அதனால இதுக்குள்ள படிச்சதும் டாக்டர்கள நச்சரிச்சு தெரிஞ்சுக்கிட்டதும் நெறைய. பைபாஸ்ல சிறுகுடல வெட்டி மேல தூக்கிட்டுப் போயி சின்ன பைமாதிரி வயித்தோட தைப்பாங்க, அப்படி தூக்கறப்ப குடலுக்கு பின்னால சந்து மாதிரி இடைவெளிகள் உண்டாகும். அத தச்சு மூடியிருந்தாக்கூட, எடை குறைஞ்சு உள்ள இருக்குற கொழுப்பு கரையக் கரைய அந்த சந்து திரும்ப பெருசாகலாம். குடல் அதுக்குள்ள நழுவிப் போயி சிக்கும், தானா வெளிய வந்துட்டா வலி போயிடும். நீங்க சொல்ற மாதிரி வந்து வந்து போற வலி அதுவா இருக்கலாம், இண்டர்னல் ஹெர்னியான்னு சொல்வாங்க. ஒருநாள் அது வெளிய வராம சிக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு கொஞ்ச மணி நேரத்துல குடலே அழுகிப் போகும், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் முடிஞ்சு வருஷக்கணக்கு ஆன பின்னாலயும் இது வரும். சில சமயம் சி.டி. ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியாது, அதனால "ஸ்கேன் நார்மல், கேஸ் ட்ரபிள்தான்"னு யாராவது அனுப்பி வச்சா அதோட விட்றாதீங்க, பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு ஆபரேஷன் பண்ற சர்ஜன்கிட்டயே காட்டுங்க. இந்த வாரமே போங்க. அதுக்குள்ள வலி நிக்காம பிடிச்சுக்கிச்சுன்னா, வாந்தியும் சேர்ந்து வந்துச்சுன்னா, ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் சர்ஜரி வசதி இருக்குற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயி வாசல்லயே "எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆயிருக்கு"ன்னு சொல்லுங்க.

அந்த வலி புண்ணாவும் இருக்கலாம். முட்டிக்கு மெடிக்கல்ல குடுக்கற மாத்திரை டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் இந்த மாதிரி எதுவோதான் இருக்கும். வயித்தையும் குடலையும் இணைச்ச அந்த தையல் இடத்துல புண்ண கெளப்பறதுல அதுவும் சிகரெட்டும்தான் முன்னாடி நிக்கும். இன்னிக்கே நிறுத்துங்க. வலிக்கு பாராசிட்டமால் போதும், மேல தடவற ஜெல் இருக்கு. மலம் கறுப்பா போனா அது ரத்தமா இருக்கலாம், காத்திருக்காதீங்க.

இப்ப அந்த நடுக்கமும் வேர்வையும். சாப்பிட்டு பத்து நிமிஷம் அரை மணிக்குள்ள படபடப்பு, வயித்துப்போக்கு வந்தா அது ஒரு வகை டம்பிங், அதாவது சாப்பாடு குடலுக்குள்ள வேகமா கொட்டறதால வர்ற தொல்லை. உங்களுக்கு வர்றது இன்னொண்ணு மாதிரி தெரியுது, ஒண்ணுலேருந்து மூணு மணி நேரம் கழிச்சு வரும். வழக்கமா வயிறு சாப்பாட்ட கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடலுக்கு விடும், உங்களுக்கு அந்த காவல் இல்ல, இட்லியோ பாயசமோ நேரா குடலுக்குள்ள எறங்கிடுது. சுகர் விர்ருனு ஏறும், உடம்பு பதறிப்போயி இன்சுலின அள்ளி விடும், அப்புறம் சுகர் தடால்னு கீழ போகும். ஒரு காலத்துல இன்சுலின் ஊசி போட்டவங்களுக்கு இப்ப இன்சுலின் அதிகமாகி மயக்கம் வருதுன்னா நம்பவே கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா நெஜம். ஒரு க்ளுக்கோமீட்டர் வாங்கி கைப்பையில வச்சுக்கோங்க, நடுக்கம் வர்ற அந்த நிமிஷம் குத்திப் பாருங்க, 70க்கு கீழ போச்சுன்னா தேதி, நேரம், என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதி வைங்க, அந்த நோட்டு டாக்டருக்கு ரொம்ப ஒதவும். சாப்பாடு முறைய மாத்தினாலே நெறைய பேருக்கு பாதிக்கு மேல அடங்கிடும். தட்டுல மொதல்ல புரதம் போகணும், முட்டையோ மீனோ கோழியோ, இல்லன்னா உங்க ஊர் கொள்ளு, தட்டப்பயறு, சுண்டல், பனீர் எதுவோ, அதுக்கப்புறம்தான் ஒரு இட்லி, நாலு இட்லி ஒரே வேளைக்கு வேண்டாம், பிரிச்சு பிரிச்சு சாப்பிடுங்க. சாப்பிடறப்ப தண்ணி குடிக்காதீங்க, அரை மணி நேரம் போகட்டும். ஜூஸ் வேண்டவே வேண்டாம். கம்மங்கூழ், ராகிக்கஞ்சி நல்லதுதானேன்னு தோணும், ஆனா கரைச்சு குடிக்கறப்ப அது வேகமா எறங்கிடும், களியா கொஞ்சமா எடுத்துக்கறது மேல். இதுக்கும் அடங்கலன்னா அகார்போஸ்னு ஒரு மாத்திரை இருக்கு, நம்ம ஊர்லயே கிடைக்கும், டாக்டர் பார்த்து தருவாங்க. இது கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் தயவு செஞ்சு வண்டி ஓட்டாதீங்க. திருப்பூர் டிராஃபிக்ல கண்ணு இருட்டிக்கிட்டு போறத நெனச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது.

கால் மரத்துப்போறது பி12 இல்லாமப் போனதா இருக்க நெறைய வாய்ப்பு. நம்ம ஊர்ல பைபாஸ் ரைடர் பஸ் ஊருக்குள்ள போகாம வெளியாலயே போயிடறப்ப ஸ்டாண்டுல எறங்க வேண்டிய சனம் எறங்க முடியாதில்ல, அப்படித்தான் இரும்பும் கால்சியமும் உங்க முன்குடல்ல எறங்காமலே போயிடுது. பி12 கதை கொஞ்சம் வேற, அத உடம்புல சேக்கறதுக்கு வயித்துல சுரக்கற ஒரு பொருள் வேணும், அந்த பெரிய வயிறு உங்க சாப்பாட்ட பார்க்கறதே இல்ல இப்ப. ஆனா கல்லீரல்ல பி12 வருஷக்கணக்குக்கு சேமிப்பு இருக்கும், அதனால மாத்திரைய நிறுத்தின ஒடனே ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருந்தீங்க, சேமிப்பு தீர்ந்த பின்னாலதான் காலுக்கு வந்திருக்கும். நரம்பு விஷயம், தள்ளிப்போட்டா முழுசா திரும்பாமலே போகலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் சாப்பிட்டா ரத்தம் சரியான மாதிரி காட்டிட்டு நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும், அதையும் கவனிங்க. அப்புறம் அந்த ஜிங்க், நாள்கணக்குல நெறைய சாப்பிட்டா காப்பர் உடம்புல சேராது, காப்பர் கொறைஞ்சாலும் இதே மாதிரி கால் மரக்கும், நடை தள்ளாடும். முடிக்குன்னு வாங்கினது காலுக்கு வினையா வந்து நிக்கக்கூடாது. ரத்தத்துல பி12, காப்பர், ஜிங்க், ஃபெரிட்டின் (இரும்பு இருப்பு), வைட்டமின் டி, கால்சியம், பி.டி.எச். (கால்சியத்த கட்டுப்படுத்தற ஹார்மோன்) இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்க, இனிமே வருஷா வருஷம், ஆயுசுக்கும். கால்சியம் சிட்ரேட்டா கேட்டு வாங்குங்க, கார்பனேட் சேர ஆசிட் வேணும், உங்களுக்கு அது கம்மி. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒண்ணா போடாதீங்க.

இத படிக்கிறவங்கள்ல புதுசா ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க இருந்தா அவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். நாள்கணக்குல வாந்தி நிக்கலன்னா வைட்டமின் பி1 தீர்ந்து போகும், உடம்புல அதோட இருப்பு ரெண்டு மூணு வாரத்துக்குத்தான். புழுங்கலரிசி சாப்பிட்டவங்களுக்கு அவ்வளவா வராம, தீட்டின பச்சரிசி சாப்பிட்டவங்களுக்கு வந்துச்சே பெரிபெரி, அதே வியாதிதான் ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த வழியா திரும்ப வருது. பார்வை ரெண்டு ரெண்டா தெரியறது, நடக்கறப்ப தடுமாறறது, பேச்சு கொழப்பறதுன்னு மூளைய பிடிச்சிடும். அந்த நெலமைல பி1 போடாம வெறும் க்ளுக்கோஸ் டிரிப் ஏத்தினா இன்னும் மோசமாகலாம். மொதல்ல பி1 ஊசி. கூட இருக்கறவங்க வாய்விட்டு கேக்கணும் இத.

இனி உங்க கேள்வி. தப்பான்னு கேட்டீங்க. இல்லம்மா. 118 கிலோவும் இன்சுலினும் நடக்க முடியாத முட்டியும் விளையாட்டு இல்ல. சுவீடன்ல 1987ல ஆரம்பிச்சு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களையும் பண்ணிக்காதவங்களையும் வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தாங்க, 2007ல முடிவு வந்தப்ப பண்ணிக்கிட்டவங்கள்ல சாவு கம்மியா இருந்துச்சு. சென்னையில இறந்த அந்த பையன் செய்திய பார்த்து நானும் அன்னிக்கு தூங்கல, இது ஆபத்தில்லாத ஆபரேஷன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா இதயத்துல பைபாஸ் பண்ணிக்கிட்ட ஒருத்தருக்கு அப்புறம் மூச்சு வாங்கினா "காசு குடுத்து வாங்கின வியாதி"ன்னு யாராவது சொல்றாங்களா? குண்டா இருந்தவங்களுக்கு மட்டும் ஏன் இந்த பேச்சு? வாயக் கட்ட முடியாம குறுக்கு வழில போனவன்னு என்னையும் சொந்தக்காரங்க பேசிருக்காங்க. எனக்கு ஸ்லீவுக்கு அப்புறம் நெஞ்செரிச்சல் வந்து, ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வரும், இப்பவும் ஏழு மணிக்குள்ள சாப்பிட்டு கட்டில் தலைமாட்ட ஒசத்தி வச்சுத்தான் படுக்கறேன். நான் பார்த்த வரைக்கும் ஆபரேஷனவிட கொடுமை இந்த வெக்கம். உங்க கடிதத்துலயே பாருங்க, கிளினிக்ல சொல்லல, மெடிக்கல்ல சொல்லல, வீட்ல சொல்லல, செக்கப்புக்கு போகல, ஒவ்வொரு எடத்துலயும் சரியாகியிருக்க வேண்டியது வெக்கத்தால நின்னு போயிருக்கு. அந்த கிளினிக் டாக்டர் பாவம், பைபாஸ்னு தெரியாம உங்க கால வச்சு என்னத்த கண்டுபிடிப்பாரு?

ஆஸ்பத்திரிகள் மேலயும் எனக்கு கோவம் இருக்கு. முன்னாடி பின்னாடி போட்டோ, மாசத்தவணை, சலுகை எல்லாம் பேனர்ல போடறாங்க, ஆனா இது ஆயுசுக்கும் மாத்திரையும் ரத்த டெஸ்ட்டும் சேர்ந்த வைத்தியம்னு ஆபரேஷனுக்கு முன்னாடி ஒக்கார வச்சு குடும்பத்துக்கே சொல்றது எத்தன எடத்துல நடக்குது? ஒரு வருஷம் ஆள் வரலன்னா போன் பண்ணி ஏன் வரலன்னு கேக்கணும். ஒங்கள யாரும் கேக்கல, அது ஒங்க தப்பு மட்டும் இல்ல.

பழையபடி மாத்தறது பத்தி: ஸ்லீவுல வயித்த வெட்டி எடுத்துடறதால திருப்ப வழியே இல்ல, பைபாஸ திருப்பி இணைக்க முடியும். ஆனா அது இன்னொரு பெரிய ஆபரேஷன், எடையும் சுகரும் திரும்ப வரலாம், சாப்பாடு மருந்து எதுக்கும் அடங்காத சிலருக்கு மட்டும்தான் அங்க போவாங்க. நீங்க இன்னும் மொதல் படி வைத்தியத்தையே செஞ்சு பார்க்கல, அதனால இப்ப அத யோசிக்க வேண்டாம்.

டாக்டர்கிட்ட போறப்ப பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துட்டு போங்க, தொலைஞ்சிருந்தா ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியோட ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்ல எழுதிக் குடுத்து காப்பி கேளுங்க, எந்த வகை பைபாஸ், எவ்வளவு குடல விட்டு தச்சாங்கங்கிறதெல்லாம் அதுலதான் இருக்கும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு போங்க. மாமியார்கிட்ட இப்ப வழக்காட வேண்டாம், ஆனா வீட்டுக்காரர் காதுல இதெல்லாம் டாக்டர் வாயாலயே விழணும், ஏன்னா யூனிட்ல மெஷின் முன்னாடி ஒங்களுக்கு கண்ணு இருட்டினா மூணு டீஸ்பூன் க்ளுக்கோஸ் குடுத்து, பதினஞ்சு நிமிஷத்துல திரும்ப சுகர் பார்த்து, அப்புறம் ஒரு முட்டையோ கைப்பிடி வேர்க்கடலையோ குடுக்கணும்னு தெரிஞ்சிருக்க வேண்டிய ஆளு அவர்தான்.

அன்புடன்,
அக்கா